செக்ரோல் புத்தகமும் கம்ப்யூட்டர் தரவுத்தளமும்



“கம்ப்யூட்டர்ல உங்க பேர் இல்லையே, போயிட்டு வாங்க.” இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நம் தோட்டங்களில் பலர். முப்பது, நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர், சேமலாப நிதிப் பணத்துக்கு எழுதிப் போடுகிற நேரத்தில், பேர் பொருந்தவில்லை என்று தாள் திரும்பி வருகிறது. ஆள் நேரில் நிற்கிறார். அவர் வேலை செய்தது மலைக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் பொய் சொல்கிறதா? இல்லை. தன்னிடம் எழுதி வைத்ததை மட்டுமே அது சொல்லும். எப்படி எழுதி வைக்கிறார்கள், அது எப்படித் தேடுகிறது என்று தெரிந்துகொண்டால், பிழை எங்கே வருகிறது என்பதும் நமக்குப் புரியும். அதற்காகத்தான் இந்தப் பாடம். சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது உதவும். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள்.

1. தரவுத்தளம் என்றால் என்ன?

இங்கிலிஷில் டேட்டாபேஸ் என்பதைப் பாடப் புத்தகத்தில் தரவுத்தளம் என்கிறார்கள். பேர் புதிதாக இருந்தாலும் விஷயம் நமக்குப் பழையது. தோட்டத்து ஆபிஸில் இருக்கும் செக்ரோல் புத்தகமும் ஒரு தரவுத்தளம்தான். ஒழுங்காகக் கோடு போட்டு, ஒரே மாதிரியான விவரங்களை ஒரே இடத்தில் எழுதி, வேண்டும்போது தேடி எடுக்கக்கூடியதாக வைத்திருந்தால் அது தரவுத்தளம். சுவரில் கரித்துண்டால் கிறுக்கி வைத்த கணக்கு தரவுத்தளம் ஆகாது.

செக்ரோலில் கோடு போட்ட அந்தப் பக்கத்துக்கு அட்டவணை என்று பேர், அதாவது டேபிள். குறுக்கே போகும் ஒரு வரியில் ஒரு ஆளுடைய விவரம் முழுக்க இருக்கும். அந்த வரி ஒரு பதிவு, அதாவது ரெக்கோர்ட். மேலிருந்து கீழே வரும் பத்தி ஒவ்வொன்றும் ஒரு வகை விவரம்: செக்ரோல் நம்பர், பேர், எத்தனை நாள் பேர், எத்தனை கிலோ. அந்தப் பத்தி ஒரு புலம், அதாவது ஃபீல்ட்.

குறுக்கே பதிவு, நெடுக்கே புலம். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்தப் புலத்தில் என்ன எழுதலாம்?

நம் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு ஒரு தரவுத்தளம் செய்வதாக வைத்துக்கொள்வோம். மாதம் 100 ரூபா சந்தா. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் சங்கம் கைகொடுக்கும். உறுப்பினர் அட்டவணையில் இந்தப் புலங்கள் இருக்கட்டும்: உறுப்பினர் நம்பர், பேர், அடையாள அட்டை நம்பர், பிறந்த திகதி, லயன் நம்பர், தொலைபேசி.

ஒவ்வொரு புலத்திலும் என்ன வகை விவரம் வரும் என்று முதலிலேயே கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். இதைத் தரவு வகை என்பார்கள். எழுத்து, எண், திகதி, பணம், ஆம் அல்லது இல்லை என்பவை முக்கியமானவை.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. தொலைபேசி நம்பர் எண்தானே என்று எண் வகையைக் கொடுத்துவிடுவார்கள். 077 என்று அடித்தால் முன்னால் உள்ள சைபரைக் கம்ப்யூட்டர் எடுத்துவிடும். எண்ணுக்கு முன்னால் வரும் சைபருக்கு மதிப்பு இல்லை என்பது அதன் கணக்கு. ஆகவே எதைக் கூட்டிக் கழிக்கப் போகிறோமோ அதற்கு மட்டும் எண் வகை. தொலைபேசி, அடையாள அட்டை நம்பர் எல்லாம் எழுத்து வகை.

திகதியிலும் கவனம் தேவை. 5/2/1972 என்பது நமக்கு பெப்ரவரி 5. அமெரிக்க முறையில் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அது மே 2. வருஷத்தையும் நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். இரண்டு இலக்கம் மட்டும் போட்டால் எந்த நூற்றாண்டு என்பதைக் கம்ப்யூட்டர் தானாக முடிவு செய்துகொள்ளும்.

3. பேர் மட்டும் போதாது: முதன்மைச் சாவி

ஒரு தோட்டத்தில் எத்தனை மாரியாயி, எத்தனை ராமசாமி! கங்காணி “நாலாம் லயத்து மாரியாயி” என்று சொல்லிப் பிரித்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்த ஞாபகம் கிடையாது. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் வேறு யாருக்கும் இல்லாத அடையாளம் ஒன்று வேண்டும். அதைத்தான் முதன்மைச் சாவி, பிரைமரி கீ என்கிறோம். ஒரே சாவி இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது, வெறுமையாகவும் விடக் கூடாது. நம் சங்கத்தில் உறுப்பினர் நம்பர்தான் முதன்மைச் சாவி.

தேசிய அடையாள அட்டை நம்பர் நாட்டுக்கே உரிய அப்படிப்பட்ட ஒரு சாவி. பழைய நம்பரில் 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். முதல் 2 இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த 3 இலக்கம் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். 1972 பெப்ரவரி 5இல் பிறந்த ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 31, பெப்ரவரி 5, மொத்தம் 36ஆவது நாள். 500 கூட்டினால் 536. அவருடைய நம்பர் 72536 என்று தொடங்கும். உங்கள் அட்டையையும் எடுத்துப் பாருங்கள்.

2016இலிருந்து 12 இலக்க நம்பர் வந்தது. அதில் வருஷம் முழுசாக 4 இலக்கம், எழுத்து இல்லை. அந்த அக்கா புது அட்டை எடுத்தால் நம்பர் 1972536 என்று தொடங்கும். பழைய நம்பரும் புது நம்பரும் ஒரே ஆளுடையவை. ஆனால் ஒரு ஆபிஸில் பழையதும் இன்னொரு ஆபிஸில் புதியதும் பதிந்திருந்தால், கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். ஆகவே புது அட்டை எடுத்தவர்கள் பழைய நம்பரையும் எழுதிப் பத்திரமாக வைத்திருங்கள்.

சேமலாப நிதியில் இன்னொரு விஷயம். உறுப்பினர் நம்பர் மட்டும் அங்கே போதாது, தொழில் தருநரின் நம்பரும் சேர்ந்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஏனென்றால் 25ஆம் நம்பர் உறுப்பினர் இந்தத் தோட்டத்திலும் இருப்பார், அடுத்த தோட்டத்திலும் இருப்பார். இரண்டு புலம் சேர்ந்து ஒரு சாவியாகிறது. வேலை இடம் மாறியவர்கள் ஒவ்வொரு இடத்து நம்பரையும் தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டியது இதனால்தான்.

4. இரண்டு அட்டவணை, ஒரு தொடர்பு

இப்போது சந்தாவை எங்கே எழுதுவது? உறுப்பினர் அட்டவணையிலேயே ஜனவரி, பெப்ரவரி என்று பத்தி போட்டுக்கொண்டே போனால் முடிவே இருக்காது. சந்தாவுக்குத் தனி அட்டவணை போடுவோம். அதில் நான்கு புலம்: ரசீது நம்பர், உறுப்பினர் நம்பர், திகதி, தொகை. மாரியாயி அக்காவின் நம்பர் 17 என்றால், அவர் காசு கட்டும் ஒவ்வொரு முறையும் 17 என்று எழுதினால் போதும். பேரை மறுபடி எழுதத் தேவையில்லை.

உறுப்பினர் அட்டவணையில் முதன்மைச் சாவியாக இருந்த நம்பர், சந்தா அட்டவணைக்கு விருந்தாளியாக வருகிறது. அங்கே அதற்கு அந்நியச் சாவி என்று பேர். இரண்டு அட்டவணையையும் இணைக்கும் கயிறு அதுதான். ஒரு உறுப்பினருக்குப் பல சந்தாப் பதிவுகள் இருக்கும். இதை ஒன்றுக்குப் பல தொடர்பு என்பார்கள். இந்த அட்டவணை முறையை 1970இல் எழுதி வெளியிட்டவர் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை செய்த எட்கார் கோட் என்பவர்.

இதில் நமக்கு என்ன லாபம்? பேர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பிழை இருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஒரே பேரைப் பத்து இடத்தில் பத்துப் பேர் எழுதினால் பத்து விதமாகத்தான் வரும். நம் ஆட்களின் பேர் மாறிப்போனதும் அப்படித்தான். தமிழில் சொன்ன பேரை ஒருவர் சிங்களத்தில் எழுதினார், ஒருவர் இங்கிலிஷில் எழுதினார். ஒரு தாளில் தகப்பன் பேர் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் புருஷன் பேர்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. தொடர்பைச் சரியாக அமைத்துவிட்டால், இல்லாத உறுப்பினருக்குச் சந்தா எழுத முயன்றால் கம்ப்யூட்டர் ஏற்காது. சந்தா கட்டிய உறுப்பினரை லேசில் அழிக்கவும் விடாது.

5. கேள்வி கேட்பது எப்படி?

வினவல், அதாவது குவெரி என்பது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி. “இந்த மாதம் சந்தா கட்டாதவர்கள் யார்?”, “ஏழாம் லயத்தில் எத்தனை உறுப்பினர்?” என்று கேட்கலாம். புத்தகத்தில் அரை நாள் தேட வேண்டியதை நொடியில் சொல்லும்.

ஆனால் கேட்ட எழுத்து அப்படியே இருந்தால்தான் சொல்லும். “மாரியாயி” என்று தேடினால் “மாரியாய்” என்று பதிந்தவர் வரமாட்டார். இல்லை என்று சொல்லிவிடும். “கம்ப்யூட்டர்ல பேர் இல்லை” என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். விஷயம் தெரிந்தவர் அக்செஸில் பேரின் முன்பாதியை அடித்து ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவார். “மாரி” என்று தொடங்குகிற எல்லாப் பேரும் வரும். அல்லது நம்பரைக் கொண்டு தேடுவார். ஆகவே ஆபிஸில் பேர் இல்லை என்றால் உடனே திரும்பி வராதீர்கள். “நம்பரைப் போட்டு ஒருக்கா பாருங்க ஐயா” என்று மரியாதையாகக் கேளுங்கள்.

படிவம், அதாவது ஃபோம் என்பது விவரங்களைப் பதிய உதவும் திரை. அறிக்கை, அதாவது ரிப்போர்ட் என்பது அச்சடித்துக் கையில் கொடுக்கும் தாள். சம்பளத் துண்டு அப்படிப்பட்ட ஒரு அறிக்கை.

வெறுமைக்கும் சைபருக்கும் வித்தியாசம் உண்டு. கிலோ என்ற இடத்தில் 0 இருந்தால் கொழுந்து இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். வெறுமையாக இருந்தால் ஒன்றுமே எழுதவில்லை. உங்கள் துண்டில் எது இருக்கிறது என்று பார்த்துப் பழகுங்கள்.

6. எந்த மென்பொருள்?

மைக்ரோசொஃப்ட் அக்செஸ் 1992இல் வந்தது. அது காசு கொடுத்து வாங்குவது. லிப்ரே ஒஃபிஸ் என்ற தொகுப்பில் உள்ள பேஸ் இலவசம். படித்துப் பழக அது போதும். பத்து முப்பது பேரின் கணக்கு என்றால் எக்செல் போதும். அட்டவணைகளை இணைக்க வேண்டி வரும்போது தரவுத்தளம் நல்லது. எதில் செய்தாலும் வாரம் ஒரு முறை வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். மற்றவர்களின் அடையாள அட்டை நம்பர் நம்மிடம் நம்பித் தந்த பொருள். அதைக் கண்டவர்களுக்கும் காட்டக் கூடாது.

7. இந்த வாரமே செய்யுங்கள்

சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் குறைந்தது நூற்றுக்கு 8, நிர்வாகம் குறைந்தது நூற்றுக்கு 12 கட்ட வேண்டும் என்பது சட்டம். அது நம் வியர்வைக் காசு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். அதுவரை காத்திராமல் இப்போதே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளத் துண்டு மூன்றையும் மேசையில் பரப்பி, பேரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே தோட்டத்து ஆபிஸில் சொல்லுங்கள். சத்தியக் கடதாசி தேவையா என்றும் கேளுங்கள். ஆபிஸும் ஆட்களும் பக்கத்தில் இருக்கும்போது திருத்துவது சுலபம்.

பயிற்சி

அ. உங்கள் குடும்பத்தினருக்கு ஒரு அட்டவணை கீறுங்கள். புலங்கள் எவை, பதிவுகள் எத்தனை?

ஆ. அதில் முதன்மைச் சாவியாக எதை வைப்பீர்கள்? பேரை ஏன் வைக்கக் கூடாது?

இ. பிள்ளைகளின் தடுப்பூசி விவரத்தை எழுத இரண்டாவது அட்டவணை போடுங்கள். அந்நியச் சாவி எது?

ஈ. உங்கள் தாள்களில் உங்கள் பேர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது? எண்ணிப் பாருங்கள்.

நான்காவது கேள்விக்கு விடை ஒன்று என்று வந்தால் சந்தோஷம். இரண்டு, மூன்று என்று வந்தால், திருத்தும் வேலையை நாளைக்கே தொடங்குங்கள்.