அழ வைக்கும் பாட்டு கேட்ட மதிக்கு

கோவை,
ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கிறது.

அன்புள்ள மதிக் கண்ணு,

உன் குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, பேச்சுக்கு நடுவில் நீ பொலபொலவென்று கொட்டும் ஜப்பானியச் சொற்களைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். அடுத்த தடவைதான் விஷயம் பிடிபட்டது. அக்டோபரில் உங்கள் பள்ளியில் புன்கசாய், கலைவிழா. அன்று வகுப்புக்கு வகுப்பு சேர்ந்திசைப் போட்டி. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள். ஐந்து பாட்டைச் சொல்லிவிட்டு, "இதுல எது எல்லாரையும் அழ வைக்கும் அத்தை?" என்று முடித்திருந்தாய்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. போனில் சொன்னால் பாதியில் "சரி அத்தை, சரி அத்தை" என்பாய்.

முதலில் என் குட்டு ஒன்றை உடைத்துவிடுகிறேன். நாங்கள் ஜப்பானில், நிஷிகசாயில் இருந்த காலத்தில் உன் அத்தான் கார்த்திக்கும் இப்படித்தான் நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில் பாட்டு தேடிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தைய வருடம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக மேடையேறி 'தாய்ச்சி சன்ஷோ' பாடியதைக் கேட்டு நான் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிருந்தேன். மண்ணைப் போற்றும் பாட்டு. 1962இல் சாத்தோ ஷின் இசையமைத்த 'மண்ணின் பாடல்' என்ற நெடிய படைப்பின் கடைசிப் பகுதி அது. அதற்கு முன்னால் வரும் ஒரு பகுதிக்குப் பெயரே 'சாவின் சாம்பல்'. அணுகுண்டின் சாம்பல். அவ்வளவையும் கடந்து வந்துதான் அந்தப் பாட்டு மண்ணைக் கும்பிடுகிறது. "அதையே பாடுங்கடா" என்று நச்சரித்தவள் நான்தான்.

என்ன ஆயிற்று தெரியுமா? அதற்கு நான்கு குரல் வேண்டும். பையன்களே இரண்டு அணியாகப் பிரிய வேண்டும். அவன் வகுப்பில் தேறிய பையன்கள் ஒன்பது பேர், அதிலும் பாதிப் பேருக்குக் குரல் உடைந்துகொண்டிருந்த சமயம். நூறு பேர் நின்று பாடியபோது மலை மாதிரி எழுந்த இடத்தில், இவர்கள் பாடும்போது பியானோ மட்டும்தான் கேட்டது. பெற்றோர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். அந்த மரியாதைக் கைதட்டல் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் காலைப் பிரேயரில் ஐந்நூறு பேரும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். நடுவில் நின்று நான் வெறுமனே வாயசைத்த நாட்கள் எத்தனையோ, யாருக்கும் தெரியாது. உங்கள் சேர்ந்திசையில் அது நடக்காது. சொப்ரானோவுக்கு ஒரு மெட்டு, ஆல்ட்டோவுக்கு ஒன்று, பையன்களுக்கு ஒன்று. ஒரு வரிசை சோர்ந்தால் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் பாட்டைக் கேட்பதற்கு முன் வகுப்பைக் கேள். உங்கள் பையன்களால் இப்போது எந்தச் சுருதி வரை சிரமமில்லாமல் போக முடிகிறது? ஆல்ட்டோவில் நிற்க மறுக்காத ஆறு பெண்களாவது உண்டா? பியானோ வாசிக்கப் போவது யார், அவளுக்குப் பயிற்சி செய்ய எத்தனை நாள் கிடைக்கும்? யூடியூபில் நீ கேட்பதெல்லாம் வருடக்கணக்கில் தேறிய குழுக்கள் பாடியது. அதைக் கேட்டு உனக்கு அழுகை வந்தால் அந்தப் பெருமை அவர்களுக்குத்தான்.

இனி உன் ஐந்து பாட்டுக்கு வருகிறேன்.

'தபிதாச்சி நோ ஹி நி' வேண்டாம். நல்ல பாட்டுதான், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். 1991இல் சைத்தாமாவின் சிச்சிபுவில் ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வரிகள் எழுத, இசை ஆசிரியை மெட்டுப் போட, பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்களே நின்று பாடிய பாட்டு. பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. மார்ச் மாதத்தில், பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு பாட வேண்டியதை அக்டோபரில் எடுத்தால் பொங்கல் பானையை ஆடியில் அடுப்பேற்றுகிற கதை.

'தெகாமி'யும் இந்த வருடம் வேண்டாம். 2008இல் என்எச்கே பள்ளி இசைப்போட்டியின் நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்காக ஆஞ்செலா அகி எழுதியது. பதினைந்து வயதுப் பிள்ளை வருங்காலத் தன்னோடு பேசுகிறது, பெரியவளான அவளே பதில் எழுதுகிறாள். உனக்கு இன்னும் பதினான்கு முடியவில்லை. அடுத்த வருடம், நுழைவுத் தேர்வு தலைக்கு மேல் நிற்கும்போது எடுத்துப் பார். அப்போது அந்தப் பாட்டு உனக்கு வேறாகக் கேட்கும்.

'குன்ஜோ'தான் உன் மனசில் முதலிடத்தில் இருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஃபுகுஷிமாவின் மினாமிசோமா நகரத்தில் ஒதாகா என்றொரு பகுதி. 2011 மார்ச் 11இல் நிலநடுக்கம், சுனாமி. அணு உலையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருந்ததால் ஊரே காலி. அங்கிருந்த நடுநிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளில் சிலர் இறந்துபோனார்கள், மற்றவர்கள் நாட்டின் மூலைக்கு ஒருவராகச் சிதறினார்கள். மிச்சமிருந்த சிலரை வைத்துக்கொண்டு, அவர்கள் பேசியதையும் எழுதியதையும் இசை ஆசிரியை இரண்டு வருடம் சேர்த்து வைத்துப் பாட்டாக்கினார். 2013 மார்ச்சில், அவர்கள் பள்ளி முடித்துப் போகும் நாளில் அது பாடப்பட்டது.

இதை நீங்கள் பாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜப்பான் முழுக்கப் பாடுகிறார்கள். ஆனால் 'அழ வைக்கும்' என்பதற்காக மட்டும் எடுத்தால், அது இழவு வீட்டு ஒப்பாரியைக் கல்யாண வீட்டுக்காரர்கள் இரவல் வாங்குவது போலத்தான். எடுப்பதானால் ஒரு வகுப்பு நேரம் ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, அந்தப் பிள்ளைகளின் கதையை எல்லாரும் சேர்ந்து படியுங்கள். படித்து முடித்த பிறகு கைதூக்கச் சொல். அப்போதும் கைகள் உயர்ந்தால் தாராளமாகப் பாடுங்கள். சும்மா கேட்டுவிட்டுக் கைதூக்குவது வேறு.

'கொகோரோ நோ ஹிதோமி' எப்படி உன் பட்டியலுக்குள் வந்தது? யார் சொன்னார்கள்? உலகம் முழுக்க 'சுகியாக்கி' என்று பாடித் திரிந்த பாட்டின் சாகாமோத்தோ கியூ, 1985இல் பாடியது. அதே வருடம் ஆகஸ்ட் 12இல் நடந்த விமான விபத்தில் இறந்த 520 பேரில் அவரும் ஒருவர். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவியின் பாட்டு அது. ஆனாலும் ஒரு பள்ளி ஆசிரியர் அதைச் சேர்ந்திசையாக மாற்ற, இன்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பாடுகிறார்கள். கேட்கிற பெற்றோர்கள்தான் மூக்கை உறிஞ்சுவார்கள், பாடுகிறவர்களுக்கு ஏன் என்றே புரியாது. எனக்கு அதில் ஒரு அழகு தெரிகிறது. வேகமில்லை, மெட்டு மெல்ல நடக்கிறது. உங்களால் முடியும்.

ஐந்தாவதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். 'கைஜூ நோ பாராடோ', பூதத்தின் பாட்டு. பையன்கள் வம்புக்கு எழுதிக் கொடுத்தது என்றாய். கண்ணு, அதை ஒருமுறை மெட்டில்லாமல் வரிகளை மட்டும் வாசித்துப் பார். பாலைவனத்தில் தனியாகக் கிடக்கும் ஒரு பூதம், கடலைப் பார்க்கவும் மனிதர்களை நேசிக்கவும் ஆசைப்பட்டுக் கிளம்புகிறது. 1970களில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக எழுதியது, யாரையும் அழ வைக்க எழுதியது இல்லை. ஆனால் உன் வகுப்பில் வாயைத் திறக்காத அந்தப் பையன்கள் கேட்டது அந்த ஒரு பாட்டைத்தானே? கான்தோ, கான்தோ என்று நீ பத்து தடவை சொன்னாயே, மன நெகிழ்ச்சி என்ற அந்தச் சொல்லின் இரண்டாவது எழுத்துக்கு அசைவது என்றுதானே அர்த்தம். முதலில் பாடுகிறவன் அசையட்டும்.

என்னைக் கேட்டால் கடைசி இரண்டில் ஒன்று. எதை என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், ஒரு தடவை சூடுபட்டவள் இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன்.

செப்டம்பரில் காலை ஒத்திகை தொடங்கியதும் ஒரு நாளைப் பதிவு செய்து அனுப்பு. நன்றாகப் பாடிய நாள் வேண்டாம். பையன்கள் பாடாமல் நின்று, பெண்களில் ஒருத்தி கோபத்தில் அழுதுகொண்டு வெளியே ஓடுவாளே, அந்த நாளை அனுப்பு. எந்த வரிசை எங்கே தடுமாறுகிறது என்று அதில்தான் காது கொடுத்துக் கேட்க முடியும். அப்பாவை ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாலில் ஆல்ட்டோ பாட வைக்காதே, கீழ் வீட்டுப் பாட்டி பாவம்.

அன்புடன்,
அத்தை