கடலில் 210 நாள்கள்

நுழையும்முன்

பதினாறு வயதுப் பெண் ஒருவர் தனியே கடல்வழியாக உலகைச் சுற்றிவரலாமா? 2009ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மக்களிடையே எழுந்த வினா இது. அப்பயணத்தின்வழியே துணிவு என்பது யாது என அறிவோம்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்தவர் ஜெசிகா வாட்சன். குடும்பத்தினருடன் சில ஆண்டுகள் படகையே வீடாகக் கொண்டு வளர்ந்தவர். வாசிப்பதில் இடர்ப்பாடுடைய அவருக்கு, 18 வயதில் உலகைத் தனியே சுற்றி முடித்த ஜெஸ்ஸி மார்ட்டினின் நூலைத் தாய் படித்துக் காட்டினார். அன்று விழுந்த விதையே பின்னர்ப் பயணமாக முளைத்தது.

2009 செப்டம்பரில் வெள்ளோட்டத்தின்போது, இரவில் சரக்குக் கப்பல் ஒன்றுடன் அவரது படகு மோதியது. பாய்மரம் முறிந்தது. இயந்திரத்தின் துணைகொண்டு அவரே படகைக் கரை சேர்த்தார். அவரைத் தடுக்கவேண்டும் என்னும் குரல்கள் ஓங்கின. அக்குரல்களில் நியாயம் இல்லாமல் இல்லை. கப்பல், படகு இரண்டிலுமே கண்காணிப்புப் போதவில்லை என்று பின்னர் விசாரணை அறிக்கை கூறியது. எனினும் படகு செப்பனிடப்பட்டது; அக்டோபர் 18 அன்று சிட்னியிலிருந்து அவர் புறப்பட்டார்.

ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள அப்படகே வீடு, சமையலறை, பணிமனை அனைத்தும். எத்துறைமுகத்திலும் நிற்பதில்லை என்பதால், வேண்டிய உணவு முழுவதும் படகிலேயே இருந்தது. காற்றின் திசையை உணரும் தகடொன்று சுக்கானை இயக்கிப் படகின் போக்கைக் காத்தது. ஆனால், காற்று மிகும்போது பாயைச் சுருக்கவும், பழுதானதைச் சீராக்கவும் அவர் ஒருவரே இருந்தார். அடிவானத்தில் தோன்றும் கப்பல் 20 நிமிடங்களில் அருகே வந்துவிடக்கூடும். ஆகவே, தனித்துச் செல்லும் மாலுமிக்குக் கப்பல் செல்லும் தடங்களில் நெடிய உறக்கம் இல்லை.

தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைக் கடந்தபின், அட்லாண்டிக் பெருங்கடலில் வீசிய புயல் படகை நான்கு முறை கவிழ்த்துச் சாய்த்தது. அடிப்பகுதி கனமாக இருந்தமையால், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைபோல் ஒவ்வொரு முறையும் படகு நிமிர்ந்தது. அறைக்குள் தம்மைக் காத்துக்கொண்டு புயல் ஓயும்வரை அவர் பொறுத்திருந்தார். பொறுத்திருப்பதும் மாலுமியின் தொழிலே.

2010 மே 15 அன்று, 17ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னதாக, அவர் சிட்னி திரும்பினார். நாட்டின் தலைமையமைச்சர் அவரை வீராங்கனை எனப் போற்றினார். தாம் கனவில் நம்பிக்கை வைத்த எளிய பெண்ணே என அவர் மறுமொழி கூறினார்.

கடல் எவரிடமும் வயதைக் கேட்பதில்லை, விழிப்பையே கேட்கிறது. அச்சமின்மை மட்டும் துணிவாகாது. நேர்ந்த விபத்தை மறவாது, நாள்தோறும் சிறு கடமைகளைத் தவறாது செய்யும் பொறுப்பே துணிவு.

தெரிந்து தெளிவோம்

ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். புவியின் சுற்றளவு ஏறத்தாழ 21,600 கடல் மைல். உலகைச் சுற்றும் பாய்மரப்படகுச் சாதனைக்கு இத்தொலைவே அளவுகோல்.

சிந்தனை வினா

ஜெசிகாவின் பெற்றோர் நிலையில் நீங்கள் இருந்திருப்பின், விபத்திற்குப் பின் என்ன முடிவெடுத்திருப்பீர்கள்? காரணங்களுடன் விளக்குக.