முழங்கால் போனால் ஸ்காலர்ஷிப்பும் போகுமா?

கேள்வி: என் மகள் டிவிஷன் 1 கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூடைப்பந்து ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்தவள். டிசம்பரில் பிராக்டிஸின்போது இடது முழங்காலில் ஏ.சி.எல். என்ற மூட்டுநார் கிழிந்துவிட்டது. ஜனவரியில் ஆபரேஷன் முடிந்து, இப்போது ஊன்றுகோலோடு வகுப்புக்குப் போய்வருகிறாள். போன வாரம் கோச் கூப்பிட்டு, "மெடிக்கலில் போய்விடேன், படிப்புச் செலவு அப்படியே வரும்" என்றாராம். ஒரு தாளையும் காட்டியிருக்கிறார். அவளுக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. என் கொழுந்தனாரோ, "காலே போச்சு, இனி எவன் காசு கொடுப்பான்?" என்று பயமுறுத்துகிறார். கையெழுத்துப் போடலாமா?
— ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: வேண்டாம். அந்தத் தாளின் நகல் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் கொழுந்தனார் சொல்வது தப்பு. ஆனால் அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1973-இல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை ஓராண்டுக் கணக்காக மாற்றியது. வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் உண்டு. "காயம்பட்டதால் நிறுத்துகிறேன்" என்று யாரும் நடுவருஷத்தில் சொல்ல முடியாது, விதி தடுத்தது. அதனால் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஜூன் வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு, புதுப்பிக்காமல் விட்டார்கள். வாடகை வீட்டுக்காரர் "காலி பண்ணு" என்று சொல்லாமல் அக்ரிமென்ட்டை நீட்டிக்காமல் விடுவதைப் போலத்தான். இது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓடியது.

பிறகு நிலைமை மாறியது. 2012 முதல் பல ஆண்டு ஸ்காலர்ஷிப் கொடுக்க அனுமதி வந்தது. அதே ஆண்டு கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. ஒளிபரப்பு உரிமையில் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் சம்பாதிக்கும் பல்கலைக்கழகம், காயத்தால் ஸ்காலர்ஷிப் இழந்த மாணவருக்கு அதற்கு ஈடான உதவி தரவேண்டும் என்றது. 2015 ஜனவரியில் ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களும் (கல்லூரி டீம்கள் சேர்ந்து ஆடும் லீக்குகள்), ஆட்டம் சரியில்லை, காயம் என்ற காரணங்களுக்காக ஸ்காலர்ஷிப்பைப் புதுப்பிக்காமல் விடக் கூடாது என்று தங்களுக்குள் விதி செய்துகொண்டன. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தப் பாதுகாப்பு, கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1 முழுவதற்கும் வந்துவிட்டது. விளையாட்டில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவை, ஆட்டம் முடிந்த பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கல்லூரி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே பிசியோதெரபி பில்லைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். எதை உங்கள் குடும்ப இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது, எதைக் கல்லூரி கொடுக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். கோச் சொன்ன "மெடிக்கல்" என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது மெடிக்கல் ரெட்ஷர்ட். விதிப் புத்தகத்தில் அதன் பெயர் ஹார்ட்ஷிப் வெய்வர். சீசனின் முதல் பாதியிலேயே காயம்பட்டு, அத்தோடு அந்த சீசன் முடிந்துபோய், மொத்த ஆட்டங்களில் 30 சதவீதத்துக்கு மேல் ஆடாமலும் இருந்தால், அந்த ஆண்டு அவள் கணக்கில் கழியாது. பின்னால் ஓர் ஆண்டு கூடுதலாக ஆடலாம். கூடைப்பந்து சீசன் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது, ஒரு டீமுக்கு முப்பது ஆட்டம் போல வரும். டிசம்பரில் அடிபடுமுன் உங்கள் மகள் ஒன்பது ஆட்டத்துக்குள் ஆடியிருந்தால் தகுதி உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஓரிரு நிமிடம் களமிறங்கியதும் ஓர் ஆட்டமாகவே எண்ணப்படும், அதனால் ஸ்கோர் ஷீட்டை எடுத்துவைத்து எண்ணுங்கள். அடிபட்ட தேதியிட்ட ஸ்கேன், டாக்டர் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். வழக்கமாக முடிவெடுப்பது அந்த டீம் சேர்ந்த கான்ஃபரன்ஸ்தான்.

இரண்டாவது மெடிக்கல் டிஸ்குவாலிஃபிகேஷன். "இந்த மாணவி இனி எப்போதும் ஆட முடியாது" என்று டாக்டர் எழுதித் தருவது. ஸ்காலர்ஷிப் தொடரும், கோச் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவள் டீம் கணக்கிலிருந்து வெளியே போய்விடுவாள். அந்தக் கல்லூரிக்காக மறுபடி ஆடுவது நடக்காத காரியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது மெடிக்கல் லீவு லெட்டர், இரண்டாவது ராஜினாமாக் கடிதம். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லி ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் பேனாவை நீட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கோச்சுக்கு இதில் என்ன லாபம்? நீண்ட காலம் பெண்கள் டீமுக்கு 15, ஆண்கள் டீமுக்கு 13 ஸ்காலர்ஷிப் என்று எண்ணிக்கை வரம்பு இருந்தது. ஊன்றுகோலில் இருப்பவளும் அதில் ஒன்று. டிஸ்குவாலிஃபை ஆனவள் அந்த எண்ணிக்கையில் வரமாட்டாள், அவள் இடத்தில் இன்னொருத்தியைச் சேர்க்கலாம். 2025 ஜூனில், விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றபின், அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பு போய், டீமில் மொத்தமே 15 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. சேராத கல்லூரிகளில் பழைய கணக்கு தொடர்கிறது. எப்படியானாலும் இடம் என்பது எண்ணி வைத்த இடம். நிஜமாகவே ஆட முடியாமல் போன மாணவருக்கு இந்த ஏற்பாடு பெரிய வரம், அதை மறுக்கவில்லை. நல்ல மனசோடு, பிள்ளையின் நலனுக்காகவே இதைச் சொல்லும் கோச்சுகளும் உண்டு. உங்கள் மகளின் கோச் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஏ.சி.எல். கிழிந்தால் திரும்பிவர ஒன்பது மாதம், சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். ஆபரேஷன் தையல் ஆறுமுன்பே "இனி எப்போதும்" என்று ஒருவர் எழுதினால், டீமோடு தொடர்பில்லாத வேறு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். யுகான் (கனெக்டிகட் பல்கலைக்கழக) டீமின் வீராங்கனை பெய்ஜ் பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் இதே ஏ.சி.எல். கிழிந்தது. அடுத்த சீசன் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2025 ஏப்ரலில் சாம்பியன் பட்டம் வென்று, அதே மாதம் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் டிராஃப்டில் முதல் ஆளாக உங்கள் டெக்சஸின் டாலஸ் டீமுக்கே போனார். எல்லாரும் பெக்கர்ஸ் ஆகிவிட முடியாதுதான். அவருடைய முழங்காலும் உங்கள் மகளுடைய முழங்காலும் ஒரே பாடத்தைத்தான் படிக்கின்றன என்பதற்காகச் சொன்னேன்.

கடைசியாக ஒரு பொறி. "மெடிக்கல் வேண்டாமென்றால் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டுப் பாரேன், வேறு நல்ல டீம் கிடைக்கும்" என்று யாராவது தேன் தடவிச் சொல்லலாம். கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்தான் இந்தப் போர்ட்டல். போர்ட்டலில் பெயர் கொடுத்த அன்றே கதை வேறு. அவளே விலகுகிறாள் என்று கணக்கு. அந்தப் பருவம் முடிந்ததும் கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம், விதி அதை அனுமதிக்கிறது. ஊன்றுகோலோடு இருக்கும் வீராங்கனையை எத்தனை டீம் தேடிவந்து எடுக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அப்படியும் உதவித்தொகையைக் குறைத்தால் அல்லது புதுப்பிக்க மறுத்தால், கல்லூரி அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மேல்முறையீட்டு விசாரணைக்கும் வாய்ப்புத் தரவேண்டும். விசாரிப்பது விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழு. அங்கே கோச்சின் வாய்வார்த்தை நிற்காது, தாள்தான் நிற்கும். சேரும்போது கையெழுத்துப் போட்ட உதவித்தொகை ஒப்பந்தம் வீட்டில் எங்கோ இருக்கும். அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று போட்டிருக்கும் வரியை முதலில் பாருங்கள்.

கேள்வி: 2013-இல் டிவியில் பார்த்தேன். லூயிவில் டீம் பையன் ஒருவனுக்குக் கால் எலும்பு ஒடிந்து வெளியே வந்துவிட்டது. அப்புறம் அவன் என்ன ஆனான்?
— ஒரு வாசகர், கோவை

பதில்: கெவின் வேர். மார்ச் 31, இண்டியானாபொலிஸில் டியூக் டீமுக்கு எதிரான ஆட்டம். எதிராளி எறிந்த பந்தைத் தடுக்க எம்பிக் குதித்து இறங்கியபோது வலது கணைக்கால் எலும்பு ஒடிந்தது. டீம் ஆட்கள் தரையில் விழுந்து அழ, இவர் படுத்தபடியே ஜெயித்துவிட்டு வாருங்கள் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயித்தார்கள். எட்டு நாள் கழித்து அட்லாண்டாவில் சாம்பியனும் ஆனார்கள். வலையை வெட்டும் சடங்குக்கு ஏணி ஏற முடியாத வேருக்காகக் கூடையையே கீழே இறக்கினார்கள். ஊன்றுகோலோடு நின்று வெட்டினார். (டீமின் வேறு விதிமீறல்களுக்காக அந்தப் பட்டத்தையே 2018-இல் பறித்துவிட்டார்கள். அது வேறு கதை.)

சிகிச்சைச் செலவு குடும்பத்தின் தலையில் விழாது என்று கல்லூரி அப்போதே அறிவித்தது. நாடே பார்த்த காயத்துக்கு அறிவிப்பு உடனே வரும். யாரும் பார்க்காத பிராக்டிஸ் காயத்துக்குத்தான் மேலே சொன்ன தாள்களெல்லாம் தேவைப்படுகின்றன.

அடுத்த சீசனில் திரும்பி ஒன்பது ஆட்டம் ஆடினார். அதே காலில் உதை பட்டு மறுபடி உட்கார்ந்தார். 2014-இல் ஜார்ஜியா ஸ்டேட் கல்லூரிக்கு மாறி இரண்டு சீசன் ஆடினார். அங்கே கோச் ரான் ஹன்டர், லீக் கோப்பை வென்ற சந்தோஷத்தில் குதித்துக் குதிகால் தசைநாரை அறுத்துக்கொண்டவர். 2015 மார்ச்சில் பேய்லர் டீமை ஒரே புள்ளியில் தோற்கடித்த ஆட்டத்தில், சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து கோச்சிங் செய்து, மகன் போட்ட கடைசிப் பந்தைப் பார்த்த உற்சாகத்தில் அதிலிருந்தும் கீழே விழுந்தார். கோச்சுக்குக் கால் போனால் ஸ்டூல் போட்டுக் கொடுப்பார்கள்.

கேள்வி: ஐவி லீக் கல்லூரிகளிலும் இதே விதிதானா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவித்தொகை. கால் ஒடிந்தாலும் அது மாறாது, "எனக்கு ஆட்டமே வேண்டாம்" என்று டீமை விட்டு வந்தாலும் மாறாது.