கறள் அகற்றும் முறை

கண்டிக்குக் கிழக்கே, திகனவை அடுத்த ரஜவெலவில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையிலே கோல்ப் ஆடுகளம் ஒன்று உளது. நுவரெலியாவிலோ 1889ஆம் ஆண்டிலேயே கோல்ப் கழகம் தோன்றிற்று. மலைநாட்டு மழை ஆடுகளத்துப் புல்லை வளர்க்கும். அதுவே மட்டையின் இரும்பைத் தின்னும்.

இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடுமிடத்துத் துரு தோன்றும். அதனையே நாம் கறள் என்கின்றோம்.

ஒருமுறை, நண்பர் ஒருவர் தந்த பழைய மட்டையை மணற்கடதாசியால் தேய்த்து மினுக்கினோம். கறளோடு குரோமியப் பூச்சும் போயிற்று. அடுத்த மாரியில் முன்னினும் மிகுதியாய்க் கறள் பிடித்தது. அன்று கற்ற பாடம் இது:

முதலிற் சவர்க்கார நீரால் மண்ணைக் கழுவுக. பின்னர் இரும்புத் தலையை மட்டும் வினாகிரியில் அரைமணி நேரம் அமிழ்த்துக. தண்டும் பிடியும் நனையலாகாது. அமிலம் கறளைக் கரைக்கும். நெடுநேரம் விடின் இரும்பையும் அரிக்கும். பழைய பற்றூரிகையால் மெல்லத் துலக்குக. முகத்திலுள்ள வரிப்பள்ளங்களைக் கூரிய கருவியாற் கிண்டற்க; பந்தின் சுழற்சி அவற்றைச் சார்ந்தது. அப்பச்சோடா கரைத்த நீரால் எஞ்சிய புளிப்பைப் போக்கி, நன்னீரிற் கழுவி, துடைத்து உலர்த்துக. ஈற்றில் தையற்பொறி எண்ணெயை மெல்லிதாய்ப் பூசுக.

கறளை அகற்றுதல் ஒருநாள் வேலை. ஈரத்தை அகற்றுதலோ ஆடுந்தோறும் செய்யவேண்டியது. நனைந்த மட்டையை உறையுள் இடாதீர். மட்டையைத் தம் மைந்தர்க்கு அளிக்கும் பழைய மாணவர், இவ்வழக்கத்தையும் உடன் அளிப்பாராக.