சூடான அறையில் யோகாசனம்: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

"டாக்டர், ரூமை நல்லா சூடு பண்ணிக்கிட்டு ஆசனம் செஞ்சா உடம்பு சீக்கிரம் இளைக்குமாமே, நிஜமா?"

நாற்பதைத் தாண்டிய இல்லத்தரசிகளும், பகலெல்லாம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இளைஞர்களும் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பணம் கட்டி வகுப்பில் சேருவதற்கு முன்னால் விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த முறையைப் பிரபலப்படுத்தியவர் கல்கத்தாவில் பிறந்த விக்ரம் சௌத்ரி. 1970-களில் அமெரிக்காவில் இதைப் பரப்பினார். அறையின் சூடு சுமார் 40 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரப்பதம் 40 சதவிகிதம். 26 ஆசனங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகள், மொத்தம் 90 நிமிடம். நம் ஊர் கத்திரி வெயிலில், மின்விசிறி இல்லாத அறையில் ஒன்றரை மணி நேரம் உடம்பை வளைப்பது போலத்தான்!

சூட்டினால் என்ன நன்மை?

குளிர்ந்து கிடக்கும் நெய் உருகினால் எப்படி இளகுகிறதோ, அதுபோல வெதுவெதுப்பில் தசையும் தசைநாரும் இளகிக் கொடுக்கும். முதுகு, இடுப்பு, தோள் இறுக்கம் தளரும். சித்த மருத்துவத்தில் வாத நோய்களுக்கு ஒற்றடமும் வேதும் சொல்லியிருப்பது ஏன்? வாதத்தின் இறுக்கத்தைச் சூடு தணிக்கும் என்பதால்தான்.

ஆனால் இங்கேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. உடம்பு இளகியிருக்கும்போது வலி தெரியாது. 'அட, இன்னிக்கு இவ்வளவு குனிய முடியுதே' என்று எல்லை மீறினால், மறுநாள் காலையில் சுளுக்கோடுதான் எழுந்திருப்பீர்கள்.

வேர்வையோடு கொழுப்பு போகுமா?

போகாது. வேர்வை என்பது தண்ணீரும் உப்பும்தான். ஒரு லிட்டர் வேர்வை போனால் தராசில் ஒரு கிலோ குறையும். தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும். வேர்வை, உடம்பைக் குளிர்விக்க இயற்கை செய்த ஏற்பாடு. அதுவும் காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரப்பதம் நிறைந்த மூடிய அறையில் வேர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், உள்சூடு மட்டும் இறங்காது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

2018-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. ஒரு குழு 40 டிகிரி அறையிலும், இன்னொரு குழு 23 டிகிரி அறையிலும் அதே ஆசனங்களை 12 வாரம் செய்தது. ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை இரண்டு குழுவினருக்குமே கூடியிருந்தது. அதாவது, அந்தப் பலன் ஆசனத்தால் வந்தது, சூட்டால் அல்ல!

2023-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்கள் 8 வாரம் சூடான அறையில் ஆசனம் செய்தார்கள். பாதிப் பேருக்கு மேல் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அவர்களை ஒப்பிட்டுப் பார்த்தது, ஆசனமே செய்யாமல் காத்திருந்தவர்களோடு. ஆகவே சூட்டின் பங்கு எவ்வளவு என்பதை இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இதை நம்பி மனநல மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

யார் செய்யக் கூடாது?

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சூடான அறைப் பக்கமே போக வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பித்த உடம்புக்காரர்களுக்கும், அதாவது எப்போதும் உடம்புச்சூடு, கண் எரிச்சல், நீர்க்கடுப்பு என்று அவதிப்படுகிறவர்களுக்கும், இது ஒத்துவராது.

தலைசுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் 'இன்னும் அஞ்சு நிமிஷம்தானே' என்று பல்லைக் கடிக்காமல் உடனே வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள். பேச்சு குழறினாலோ, மயக்கம் வந்தாலோ, உடம்பு அனலாய்க் கொதித்தாலோ ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்போ கணப்போ மூட்டி அறையைச் சூடாக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்! அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. ஆளைத் தெரியாமலே கொன்றுவிடும்.

உள்ளிருந்து வரும் சூடே போதும். காலையில் வெறும் வயிற்றில், வெதுவெதுப்பான நல்லெண்ணெயை மூட்டுகளில் லேசாகத் தடவிக்கொள்ளுங்கள். மெதுவாக மூன்று அல்லது நான்கு சூரிய நமஸ்காரம் செய்யுங்கள். உடம்பு வெதுவெதுப்பானதும் ஆசனங்களைத் தொடங்குங்கள். மார்கழிக் குளிரில் மட்டும் ஜன்னலைப் பாதி சாத்திக்கொள்ளலாம்.

முடித்ததும் ஃபேனுக்கு அடியில் போய் நிற்காதீர்கள். வேர்வையைத் துடைத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, இளஞ்சூட்டு நீரில் குளியுங்கள். உப்பு போட்ட நீர்மோரோ, வெட்டிவேர் ஊறிய தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மோரில் உப்பு சேர்க்க வேண்டாம்.

வகுப்பில் சேர்ந்தே தீர வேண்டும் என்றால், முதல் வாரம் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடித்த அன்று பசி நன்றாக எடுத்து, இரவு தூக்கம் நிம்மதியாக வந்தால் உங்கள் உடம்புக்கு அது ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். படபடப்பும் எரிச்சலும் மஞ்சள் கடுத்த சிறுநீருமாக இருந்தால், சாதாரண அறையிலேயே பாயை விரியுங்கள். அதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.