நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நடு டிபரன்ஷியல்



கம்போங் ராஜாவில் கடை நடத்தும் நமக்கு லேண்ட் ரோவர் புதிதல்ல. காய்கறித் தோட்டங்களின் செம்மண் பாதைகளிலும், புளூவேலி தேயிலைச் சரிவுகளிலும் அதன் பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளும் நம்மவர் பலரிடம் உண்டு. ஆனால் "நாலு சக்கரமும் இழுக்கும்" என்பதோடு நமது விசாரணை நின்றுவிடுகிறது. எல்லா வண்டியும் ஒரேவிதமாக இழுப்பதில்லை. ஒன்றுக்குப் பொருந்தும் பழக்கம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். ஆகவே இவ்விஷயத்தை இங்கே விளக்குவோம்.

டிபரன்ஷியல் எதற்கு?

இருவர் ஒரு நீண்ட கம்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர் சிறு எட்டு வைப்பார்; வெளியே இருப்பவர் விரைந்து நடக்க வேண்டும். வண்டிச் சக்கரங்களும் அப்படியே. வளைவில் வெளிச் சக்கரம் அதிகத் தூரம் ஓடுகிறது. இரண்டுக்கும் இஞ்சின் பலத்தைக் கொடுத்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இடம் கொடுக்கும் பற்சக்கரக் கூட்டமே டிபரன்ஷியல்.

நாலு சக்கரமும் இழுக்கும்போது இன்னொரு சங்கடம் வருகிறது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தடத்தில் போவதில்லை. லேண்ட் ரோவர் 110 என்ற வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 110 அங்குலம், அதாவது சுமார் 2.8 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் திரும்பினால் அது சுமார் 19 மீட்டர் ஓடும். முன் அச்சின் நடுப்புள்ளியோ சுமார் 21 மீட்டர் ஓடும். இந்த 2 மீட்டர் வித்தியாசத்தைத் தாங்குவதற்காக முன் ஷாப்டுக்கும் பின் ஷாப்டுக்கும் நடுவே வைத்த மூன்றாவது டிபரன்ஷியலே நடு டிபரன்ஷியல்.

இரண்டு வகை வண்டிகள்

முதல் வகையில் இது கிடையாது. 1985 வரை வந்த பழைய சீரீஸ் லேண்ட் ரோவர்களில் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். ஹைலக்ஸ் பிக்கப்பின் "ஃபோர் எச்" என்பதும் இவ்வகையே. முன்னும் பின்னும் விறைப்பாகப் பூட்டப்படுகின்றன. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஷாப்டில் ஏறுகிறது, ஸ்டியரிங் கனக்கிறது, டயர் தேய்கிறது, முடிவில் பற்சக்கரமோ ஷாப்டோ முறிகிறது. ஆகவே இவ்வகையில் தார் ரோடு ஏறியதும் இரண்டு சக்கர ஓட்டத்துக்கு மாறிவிட வேண்டும். லீவர் வர மறுத்தால் பலவந்தம் வேண்டாம். சில அடி நேராகப் பின்னால் ஓட்டினால் முறுக்குத் தளரும்.

இரண்டாவது வகையில் நடு டிபரன்ஷியல் உண்டு. 1970ல் வந்த ரேஞ்ச் ரோவர், 1983ல் வந்த 110, அதுவே 1990 முதல் 2016 வரை டிஃபெண்டர் என்ற பெயரில் வந்தது ஆகியவை இவ்வகை. இவற்றில் நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும். தார் ரோட்டு வளைவிலும் தீங்கில்லை. ஆனால் ஒரு பலவீனம் உண்டு. டிபரன்ஷியல் பலத்தை எளிதாகச் சுற்றும் பக்கத்துக்கே விட்டுவிடும். ஒரே ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுழன்றாலும் மற்ற மூன்றும் நின்றுவிடும். அதற்காகவே பூட்டு இருக்கிறது. டிஃபெண்டரில் சிறிய லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் முன்னும் பின்னும் ஒன்றாகிவிடும், விளக்கும் எரியும். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்டலாகாது; சேற்றில் இறங்குமுன்பே பூட்டுக. தார் ரோடு வந்ததும் மறவாமல் திறந்துவிடுக.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை

இந்த லேண்ட் ரோவர்களில் ஹாண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின் ஷாப்டைப் பிடிக்கிறது. சரிவில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், டிபரன்ஷியல் வழியாக மறு சக்கரம் சுற்றக்கூடும். ஹாண்ட் பிரேக் இருந்தும் வண்டி உருளும். ஆகையால் டயர் மாற்றுவதற்குச் சமதரை தேடுக. நடு டிபரன்ஷியலைப் பூட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொடுக.

வாங்குவோரும் விற்போரும்

டிஃபெண்டர் வாங்குபவர் பூட்டைச் சோதிக்கும் வழி எளிது. சமதரையில் கட்டை வைத்து, ஹாண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, இஞ்சினை நிறுத்துக. ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுக. பூட்டுத் திறந்திருக்கையில் அது சுழல வேண்டும். பூட்டியபின் சிறிது அசைந்து நின்றுவிட வேண்டும். பூட்டியும் சுழன்றால் பூட்டு வேலை செய்யவில்லை. திறந்தும் சுழலாவிட்டால் பூட்டு மாட்டிக்கொண்டிருக்கலாம். பட்டறையில் காட்டாமல் பணம் கொடுக்கலாகாது.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. சரக்கின் குறையை மறைத்து விற்பது நமது மார்க்கத்தில் ஆகுமானதல்ல என்பதை அரிசிக்கும் துணிக்கும் நாம் அறிவோம். வண்டிக்கும் அதே சட்டம்தான். பூட்டு கெட்டிருப்பதை மறைத்து விற்றால், மழை நாளில் சரிவில் சிக்கிக்கொள்பவர் நம்மை நம்பி வாங்கிய மனிதராக இருப்பார்.

தவக்குல் என்பது கட்டை வைக்காமல் வண்டியைத் தூக்குவதல்ல. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதாகும். நம் பிரயாணங்களையும் வியாபாரத்தையும் அவன் காத்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.