விசைக்குள் எழுத்து இல்லை

அன்புள்ள கயல்விழி,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கிவிட்டதாம், இரண்டு கேள்விகளையும் அனுப்பியிருக்கிறாய். கீபோர்டில் எழுத்துகள் ஏன் ஏ, பி, சி என்ற வரிசையில் இல்லை? தமிழ் எழுத்தே இல்லாத கீபோர்டில் தமிழை எப்படி அடிப்பது? இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் கீபோர்டு முழுவதும் உனக்குப் புரிந்துவிடும். ஆகவே முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் நண்பர்களோடு சேர்ந்து ஒரு தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேல்வரிசை கியூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய் என்று போவது அந்தப் பொறியிலிருந்து வந்த வழக்கம். அச்சுக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கவே அப்படி அடுக்கினார் என்று பலரும் சொல்வார்கள். ஆய்வாளர்கள் எல்லாரும் அதை ஏற்கவில்லை. எப்படியோ, ஒருமுறை பழகிய விரல்கள் பிறகு மாறவில்லை. 1936-இல் ஆகஸ்ட் டுவோராக் வேறோர் அடுக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய நாடான அமெரிக்காவிலேயே பெரும்பாலோர் அதற்கு மாறவில்லை.

அந்தப் பழைய பொறியில் ஒவ்வொரு விசையும் தன் எழுத்தைத் தானே சுமந்தது. அழுத்தினால் கம்பி எழும்பித் தாளில் அடிக்கும். கம்ப்யூட்டர் கீபோர்டு அப்படி வேலை செய்வதில்லை. வீட்டில் பழுதான கீபோர்டு ஏதாவது கிடந்தால், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றிப் பார். சாதாரண கீபோர்டு என்றால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் ஓடும் கோடுகள் வரைந்திருக்கும். நடுத்தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளை. விசைக்கு அடியில் சின்ன ரப்பர் குமிழ். நீ அழுத்தும்போது குமிழ் அமுங்கும். மேல் தாள் துளை வழியாகக் கீழ்த் தாளைத் தொடும். விரலை எடுத்ததும் குமிழ் நிமிர்ந்து விசையை மேலே தள்ளிவிடும்.

நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் இருந்தாலும் விசைக்கு ஒரு கம்பி என்று கிடையாது. கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு சிறிய சிப் ஓயாமல் அவற்றைச் சோதித்துக்கொண்டே இருக்கிறது. எந்தக் குறுக்குக் கோடும் எந்த நெடுக்குக் கோடும் தொட்டுக்கொண்டன என்பதை வைத்து, அழுத்தப்பட்ட விசை எது என்று கண்டுபிடித்து, அதன் எண்ணை கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. யூஎஸ்பி கீபோர்டில் ஆங்கில ஏ விசையின் எண் 4. கியூ விசையின் எண் 20.

இந்த இடத்தை நிதானமாகப் படி. கீபோர்டு அனுப்புவது எழுத்தை அல்ல, விசை இருக்கும் இடத்தின் எண்ணை. பிரான்ஸ் நாட்டுக் கீபோர்டில் நம் கியூ இருக்கும் இடத்தில் ஏ என்று அச்சிட்டிருப்பார்கள். அதை அழுத்தினாலும் போவது அதே 20-தான். அதை ஏ என்று எடுத்துக்கொள்வதா கியூ என்று எடுத்துக்கொள்வதா என்பதை கம்ப்யூட்டருக்குள் நாம் தேர்ந்து வைத்திருக்கும் மொழி அடுக்கு முடிவு செய்கிறது. எண் 4 வந்தால் ஆங்கில அடுக்கில் சின்ன ஏ, அதன் குறியீடு 97. ஷிஃப்ட்டும் அழுந்தியிருந்தால் பெரிய ஏ, குறியீடு 65. தமிழ்99 என்ற தமிழ் அடுக்கு என்றால் அதே விசை அ; யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டுப் பட்டியலில் அதன் எண் 2949. விசையின் மேல் அச்சிட்டிருப்பது வெறும் அடையாளம், கயல்.

ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் மூன்றும் தாமாக எதையும் எழுதுவதில்லை. கூட அழுத்தும் விசையின் பொருளை மாற்றுகின்றன. விசையை அழுத்தியதும் தெரிவதுபோல விட்டதும் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதனால்தான் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றின் பொருளை மாற்ற முடிகிறது. நகல் எடுக்கும்போது கன்ட்ரோலை முதலில் அழுத்திப் பிடி, பிறகு சியைத் தட்டு. சி முந்திக்கொண்டால், நீ தேர்ந்தெடுத்து வைத்த பத்தி முழுவதும் போய் அங்கே ஒற்றை சி நிற்கும். பதறாதே. கன்ட்ரோலோடு இசட் அடித்தால் திரும்பி வந்துவிடும். நகலெடுத்து ஒட்டும் இந்த முறையை 1970-களில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள்.

வலப்பக்க எண்கள் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் கீபோர்டு கெட்டுவிட்டதாக நினைக்காதே. ‘நம் லாக்’ (Num Lock) என்ற விசை அணைந்திருக்கும். அப்போது அந்த 8 மேல் அம்பாக மாறிவிடும். மேலே உள்ள எஃப்1 முதல் எஃப்12 வரையான விசைகளின் வேலை, திறந்திருக்கும் மென்பொருளைப் பொறுத்தது. அவற்றைப் போகப் போகத் தெரிந்துகொள்ளலாம்.

பேக்ஸ்பேஸ் கர்சருக்கு முன்னால் இருப்பதை அழிக்கும், டெலீட் பின்னால் இருப்பதை. தமிழில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. ‘கி’ என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸைத் தட்டு. பெரும்பாலான மென்பொருள்களில் கொக்கி மட்டும் போகும், க நிற்கும். கர்சரை அதே எழுத்துக்கு முன்னால் வைத்து டெலீட் அடித்தால் கி முழுவதும் போய்விடும். கம்ப்யூட்டர் கியை க ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறியீடுகளாகச் சேமித்து வைத்திருப்பதே காரணம்.

இப்போது எஃப், ஜே விசைகளைத் தடவிப் பார். இரண்டிலும் சிறு மேடு தட்டுப்படும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் அங்கே இருந்தால் மற்ற விரல்கள் தாமாக நடுவரிசையில் அமரும், கட்டைவிரல்கள் ஸ்பேஸ் பாரில். எழுத்தைத் தேடிக் கண்ணை இறக்க வேண்டாம். இடம்தான் முக்கியம் என்றேனே, அதை விரல்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கு வருகிறேன். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. 247 எழுத்துகளை அந்தச் சில விசைகளில் அடக்கியது பெரிய சாதனை. தட்டினாலும் தாள் நகராத விசைகள் அதில் இருந்தன. ‘க்’ அடிக்க முதலில் புள்ளி, பிறகு க. நாம் எழுதும் முறைக்கு இது தலைகீழ். பொறிக்கு வேறு வழியில்லை. கம்ப்யூட்டருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழ்நாடு அரசு அறிவித்த அடுக்குதான் தமிழ்99. உயிர் பன்னிரண்டு, மெய் வரிசைக்குப் பதினெட்டு, புள்ளிக்கு ஒன்று, ஆக 31 விசைகள். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஜே மேட்டில் ப, எஃப் மேட்டில் புள்ளி. ‘மரம்’ அடிக்க ம, ர, ம, புள்ளி. ‘அம்மா’ அடிக்க அ, ம, ம, ஆ. இங்கே புள்ளி வைக்கவே வேண்டாம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘பந்து’ அடிக்க ப, ந, த, உ. ந-வுக்குப் பின் த வந்ததும் அங்கேயும் புள்ளி தானாக வரும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும் என்ற இலக்கணத்தை நீ வகுப்பில் படித்திருப்பாய். அந்த இலக்கணத்தையே அடுக்குக்குள் வைத்திருக்கிறார்கள்.

உன் தோழிகள் பலர் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்வார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ல, ள, ழ மூன்றும், ந, ன, ண மூன்றும் ஆங்கிலத்தில் தனித்தனியாக இல்லை. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனத்தில் ஆங்கிலமாக்கிவிட்டுத் திரும்பத் தமிழாக்க வேண்டியிருக்கிறது. தமிழ்99-இல் ஆறுக்கும் ஆறு விசைகள். தமிழிலேயே நினைத்துத் தமிழிலேயே அடிக்கலாம். சின்ன வயதில் தொடங்குகிறவர்கள் இதைத்தான் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விண்டோஸ் 11-இல் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் கீபோர்டுப் பட்டியலில் தமிழ்99 இருக்கும். தினமும் கால்மணி நேரம் நடுவரிசையை மட்டும் அடித்துப் பழகு. விசைகளின் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டாதே. ஒட்டினால் கண் கீழேயே போகும். அடுக்கின் படத்தை அச்செடுத்து, திரைக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக ஒட்டி வை.

அன்புடன்,
மாமா